பரிபூரணத்தின் நாலு சுற்று

பரிபூரணத்துக்கு நடை என்றாலே கசப்பு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு வருடமாக சைடர் வேலை பார்க்கிறாள். ஓடும் மெஷின்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் போய்வந்து, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஷிப்டு முடிந்து மில் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கும்போது குதிகால் தரையில் பாவாது. அப்படிப்பட்டவளிடம் டாக்டர், சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்றார். மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து வந்தாள்.

போன வருடம் அவள் கணவர் பெலிக்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. லாரி ஓட்டியவர். உயிர் பிழைத்தார், இடது கால் மட்டும் இழுத்துக்கொண்டது. பிசியோதெரபி பார்க்கும் சிவரஞ்சனி, தினமும் சாயங்காலம் அவரைச் சமதரையில் நடக்க வைக்கச் சொன்னார். விடியுமுன் எழுந்து சமைத்து, மில்லுக்குப் போய்த் திரும்பி, துணி துவைத்து, அதற்கு மேல் அவரைத் தாங்கிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்கும் போனாள் பரிபூரணம்.

பத்தடி வைத்ததும் பெலிக்ஸ் நின்றுவிடுவார்.

"ஏட்டி, ஏலல. செத்த நேரம் உக்காருதேன்."

அந்தச் செத்த நேரம் அரை மணி ஆகும். அவர் பக்கத்தில் சிமென்ட் பெஞ்சில் சும்மா உட்கார்ந்தால் பரிபூரணத்துக்குக் கண் சொக்கும். தூங்கி விழுந்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்று ஒருநாள் எழுந்து மைதானத்தை ஒரு சுற்று வந்தாள். செருப்பு கடித்தது. மறுநாள் வெறுங்காலோடு நடந்தாள். செம்மண் வெதுவெதுப்பாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் நாலு சுற்று. எந்த நூலும் அறவில்லை, யாரும் கூப்பிடவில்லை. மில்லில் வரும் வேர்வை போல இது பிசுபிசுக்கவில்லை, காற்றில் உடனே காய்ந்தது.

ஐப்பசியில் ஒரு நாள், அவள் மறுகோடியில் இருந்தபோது, பெலிக்ஸ் தானாக எழுந்து பார்த்திருக்கிறார். அவர் விழுந்ததைக் கண்டவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை.

"உங்கள விட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிட்டேன் பாருங்க," என்று அவரைத் தூக்கி உட்கார வைத்து அழுதாள்.

அதோடு சுற்றுவதை நிறுத்தினாள். அவரோடு பத்தடி, பிறகு அவரோடு பெஞ்சு. பத்து நாள் போனது. உறக்கம் பிடிக்கவில்லை, கால் குடைந்தது. எதற்கெடுத்தாலும் சிடுசிடுத்தாள். தனக்கு நடக்க ஆசையாக இருக்கிறது என்பதை அவளாலேயே நம்ப முடியவில்லை. வெட்கமாகவும் இருந்தது.

பெலிக்ஸ்தான் ஒரு சாயங்காலம் பேச்சை எடுத்தார்.

"நீ போயிட்டு வா. நான் எந்திரிக்க மாட்டேன்."

"வேண்டாம். மேலெல்லாம் வலிக்கு."

"நடந்துட்டு வாற அன்னைக்கு வீட்டுல ரெண்டு வார்த்த கூடப் பேசுவ. இப்ப அதுவும் இல்ல. எம்புட்டு நேரந்தான் என் மூஞ்சியவே பாத்துட்டு இருப்ப?"

அவள் செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தாள். முதல் சுற்றில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அடுத்த சுற்றில் பார்க்கவில்லை. மூன்றாவதில், ஆளில்லாத கோல் கம்பத்துப் பக்கம், யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் கொஞ்ச தூரம் ஓடினாள். மூச்சு வாங்கியது. நின்று, தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள்.

இப்போதும் பெலிக்ஸ் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார், இருபதடி, முப்பதடி. அவளுக்குச் சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. மில்லில் ஆள் குறைந்ததால் அவள் தலையில் இரண்டு மெஷின் கூடுதலாக விழுந்திருக்கிறது. அலுப்பு அப்படியேதான் இருக்கிறது. சில நாள் வீட்டுக்கு வந்ததும் வெறுந்தரையிலேயே சாய்ந்துவிடுகிறாள். ஆனால் ஐந்து மணிக்கு பெலிக்ஸ் சட்டை மாட்டுவதற்குள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"சட்டுன்னு வாங்க, இருட்டிரும்."