பனியன் கம்பெனியின் பின்வரிசைக்காரன்

திருப்பூரில் காலையில் ஓட முடியாது. ஓடினால் யாராவது வண்டியை நிறுத்திவிடுவார்கள். நல்லூரில் லைன் வீடு ஒன்றில் குடியிருக்கிறேன். விடிந்ததும் அரைக்காற்சட்டையோடு ரோட்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் போயிருக்க மாட்டேன், பின்னால் ஒரு மொபெட் வந்து நிற்கும். "ஏனுங்க, வண்டிய உட்டுட்டீங்களா? ஏறுங்க, எந்தக் கம்பெனிங்க?" இந்த ஊரில் ஓடுகிறவன் கம்பெனி வண்டியைத் தவறவிட்டவன், வேறு காரணம் எவருக்கும் தோன்றுவதில்லை. "இல்லை, நான் சும்மா ஓடுறன்" என்று சொல்லிப் பார்த்தேன். "பரவாயில்லீங்க, சங்கடப்படாதீங்க, உக்காருங்க" என்றார்கள். இவ்வளவு மரியாதையை முகத்தில் அடித்தாற்போல மறுக்க எனக்கு வராது. சில நாள் ஏறி, முன்பின் தெரியாத கம்பெனி வாசலில் இறங்கி, நன்றி சொல்லிவிட்டு நடந்தே திரும்பியிருக்கிறேன். நம்முடைய ஊர் மன்னாரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அன்று முழுக்க என்னோடு கதைத்த ஒரே ஆள் அந்த மொபெட்காரர்தான் என்ற நாட்களும் உண்டு.

உங்களில் சிலருக்கு என்னை நினைவிருக்கலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு கம்பெனி அணிக்குச் சம்பளத்துக்கு உதைபந்து ஆடினேன். பின்வரிசையில், எதிரணி முன்வரிசைக்காரனை மறிக்கிற ஸ்டொப்பர். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள், கோல் விழாமல் பார்த்தவனை யாரும் தேட மாட்டார்கள். எனக்கு அதில் குறையில்லை. ஆனால் பின்வரிசைக்காரனுக்குக் காலைவிட வாய்தான் பெரிது. பந்தையே பார்த்து நிற்கிற கூட்டாளிக்குத் தன் முதுகுக்குப் பின்னால் எவன் நழுவுகிறான் என்று தெரியாது. கண்டவன் கத்த வேண்டும். ஊர் அணியில் தமிழில் கத்தினேன், கொழும்பில் சிங்களத்தில் கத்தினேன். அதை யோசித்துச் செய்வதில்லை. கண் காணும், வாய் கத்திவிடும். பிறகு கொழும்பில் தமிழன் இருக்க முடியாமல் போயிற்று. ஊருக்கு ஓடினேன். ஊரிலும் இருக்க முடியாமல் போனபோது படகு ஏறினேன். அம்மாவும் தங்கச்சியும் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். அகதி முகாமில் சில மாதம் இருந்துவிட்டு, வெளியே தங்கப் போலீசில் பதிந்துகொண்டு, வேலை தேடி இங்கே வந்தேன். பனியன் துணி ரோல் தூக்கும் வேலை கிடைத்தது. ஏற்கெனவே அடிபட்டிருந்த முழங்கால் அதில் இன்னும் கெட்டது.

ஒரு நாள் காலையில் வண்டியை நிறுத்தியவர் கந்தசாமி. பொங்கலூரில் தோட்டம், நெருப்பெரிச்சலில் தையல் யூனிட் உள்ள முதலாளி. பின் சீட்டில் இருந்தபடியே என் கதை முழுவதையும் அவருக்குச் சொல்லிவிட்டேன். கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது. கம்பெனிகளுக்குள் வருடா வருடம் உதைபந்துப் போட்டி நடக்கும் என்றும், தன் அணி முதல் ஆட்டத்திலேயே வெளியேறிவிடும் என்றும் அவர் சொன்னார். "நம்ம பசங்களுக்கு மூச்சு நிக்கறதில்லீங்க. நீங்க நம்ம யூனிட்டுக்கு வந்து தயார் பண்ணுங்க. பைனலுக்குப் போயிட்டா உங்களை வெளையாட்டு மாஸ்டராவே வச்சுக்கறனுங்க. ரோல் தூக்க வேண்டாமுங்க." என் முழங்காலுக்கு இதைவிடப் பெரிய வார்த்தை ஒன்றும் இருக்க முடியாது.

கொழும்பில் எனக்குச் சொல்லித்தந்த பயிற்சிகள் இங்கே செல்லவில்லை. இவர்கள் நாள் முழுக்கக் குனிந்தபடி இருக்கிறவர்கள். கட்டிங் மேசையில் நிற்பவரின் வலது தோள் இறங்கியிருந்தது. தையல்காரர்களின் கால் பெடலை மெல்லத் தொட்டே பழகிய கால்; பந்தையும் மெல்லத்தான் தொட்டது. அதனால் முதலில் ஓடவிடவில்லை. ஷிப்டுக்கு முன்னால் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து முதுகைத் தளர்த்தினேன். "மாஸ்டர், இது வெளையாட்டுங்களா, வைத்தியமுங்களா?" என்று பழனிசாமி கேலி பண்ணுவான். அவன் அயர்ன் போடுகிறவன், அணியின் முன்வரிசைக்காரன். மூன்று மாதம் அவனுக்கு ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்தேன்: ஸ்டொப்பர் பந்தைப் பார்க்கிற நேரத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் போ. பயிற்சி முடிந்ததும் அவர்கள் தங்கள் கூட்டத்தோடு போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவதற்கு ஆளில்லாமல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருப்பேன். தனியாகத்தான் இருந்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

இந்த முறை எங்கள் அணி அரையிறுதி வரை வந்துவிட்டது. ஆட்டம் தொடங்குமுன் எதிரணிப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது: "டேய், உந்தப் பந்தை இஞ்சால விடடா!" எங்கள் ஊர்ப் பேச்சு. அந்தக் கம்பெனிக்காரர் முகாமில் இருந்து நம்முடைய பொடியன்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டி வந்திருந்தார். அவர்களுடைய ஸ்டொப்பர் ஒரு ஒல்லிப் பொடியன். என் அணியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக ஆடினான், ஆனால் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, நான் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி, பழனிசாமி அந்த ஒல்லிப் பொடியனின் முதுகுக்குப் பின்னால் நழுவினான்.

"பின்னால ஆள்! இடக்கைப் பக்கம் மூடடா!"

கத்தியது நான்தான். எதிரணி ஸ்டொப்பர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொன்னபடி இடப்பக்கம் பாய்ந்து பந்தை வெட்டி நீளமாக அடித்தான். அந்தப் பந்திலேயே அவர்கள் கோல் போட்டார்கள். நாங்கள் தோற்றோம்.

முதலாளி இரண்டு கிளாஸ் டீயோடு என்னிடம் வந்தார். "மாஸ்டருங்களே, அந்தச் சத்தம் யாருக்குங்க போட்டீங்க?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"தெரியேல்லை ஐயா. வாய் தானா கத்திப்போட்டுது" என்றேன். அது உண்மை. ஆனால் சொல்லும்போது எனக்கே பொய் போலக் கேட்டது.

"சரிங்க. டீ ஆறிப்போகுது, குடிங்க" என்று போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் போனதும் அந்த ஸ்டொப்பர் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். "அண்ணை, நல்ல நேரத்தில சத்தம் போட்டனீங்கள். குரலைக் கேட்டதுமே எங்கட ஆள் எண்டு விளங்கிட்டுது. ஏன் அண்ணை அந்தப் பக்கம் நிக்கிறியள்?"

"நீர் எந்த ஊர்?" என்று கேட்டேன். அதற்குள் அவர்கள் வந்த வான் ஹார்ன் அடித்தது. முகாமில் ஆள் கணக்கு எடுக்குமுன் போய்ச் சேர வேண்டும். பதில் சொல்லாமலே ஓடிவிட்டான். அந்த வானில் எனக்கும் ஓரிடம் இருந்தால் என்ன என்று நினைத்தேன். என் பேர்தான் முகாம் கணக்கில் இல்லையே.

முதலாளி என்னை ரோல் தூக்க அனுப்பவில்லை. தையல்காரர்களுக்கு முதுகு வலி குறைந்திருக்கிறதாம், அதனால் காலைப் பயிற்சி நடக்கட்டும் என்றார். அடுத்த திங்கட்கிழமை எல்லோரும் வந்தார்கள். மல்லாக்கப் படுத்திருந்த பழனிசாமி, என் முகத்தைப் பார்க்காமல், "மாஸ்டர், தப்பா நெனைச்சுக்காதீங்க. இனிமே மேட்ச் நடக்கறப்போ நீங்க ஒண்ணும் பேசாம நின்னுக்குங்க. நாங்க பாத்துக்கறமுங்க" என்றான்.

"சரிங்க" என்றேன், அவர்களைப் போலவே.

இப்போதெல்லாம் ஆட்ட நாளில் அவர்கள் உடம்பைத் தளர்த்தி உள்ளே அனுப்பிவிட்டுக் கோட்டுக்கு வெளியே நிற்கிறேன். வியர்வை துடைக்கிற துவாயைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்கிறேன். உள்ளே யாரோ ஒருவன் பந்தையே பார்த்து நிற்கிறான், அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ நழுவுகிறான். அவன் எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்குமுன்பே சத்தம் தொண்டைவரை வந்துவிடுகிறது. ஆட்டம் முடிந்து துவாயை எடுக்கும்போது அதில் பல் பதிந்திருக்கிறது.