வண்டி கிளம்பிடுச்சா, மேடம்?

என் மேசையில் ஒரு காகிதக் கட்டு இருக்கிறது. தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். முன்பக்கம் தேதி, ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் நீலப் பேனாவில் பெரிய பெரிய எழுத்துகள். மூலையில் துளை போட்டு வாழைநாரால் கட்டியிருக்கிறது. முதன்முதலில் எழுதிய தாளில் இருப்பது இது: "இன்டர்நெட் என்பது ரோடு. வெப்சைட் என்பது ரோட்டோரத்துக் கடை. இரண்டும் ஒன்று அல்ல." இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைக்க நான் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன். கேட்பவர்களும் பாவம், எல்லாம் விளங்கியதுபோல் தலையாட்டிவிட்டு, "அப்ப இன்டர்நெட்டுங்கறது அந்த கூகுள்தானே?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமை என் ஜாதகத்திலேயே கிடையாது என்று என் அம்மா சொல்வது முழுக்கப் பொய்யில்லை.

தாள்களை எழுதியவர் காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் லோடு இறக்குகிறவர். எனக்கு அவர் லோடு அண்ணன். அப்போது நான் பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். விண்ணப்பம் போடுவது, பிரின்ட் எடுப்பது, டிக்கெட் பதிவு செய்வது என்று நாள் முழுக்க ஆள் வந்துகொண்டிருக்கும். ஒருநாள் பதினொரு மணிவாக்கில் ஈரத்தலையோடு ஒருவர் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தொடுகிற வயது. வலது தோளில் தோல் காய்த்துப்போய்க் கறுத்திருந்தது. "விண்ணப்பமா?" என்றேன், நிமிராமல். "இல்லீங்க மேடம், வார்த்தை கத்துக்கணும்," என்றார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முசிறியில் அவருடைய மகள் அம்மாவோடு இருந்து படித்துக்கொண்டிருந்தாள். முந்தைய வருஷம் அவளுடைய உதவித்தொகைக்கு வேறு ஏதோ ஒரு சென்டரில் விண்ணப்பித்திருக்கிறார்கள். அங்கே இருந்தவர் அவசரத்தில் சென்டருடைய இமெயிலையே போட்டுவிட்டார். "இந்தச் சான்றிதழை மறுபடி அனுப்புங்கள்" என்று வந்த கடிதம் அங்கேயே கிடந்து காலாவதியாகிவிட்டது. "அவரு என்னென்னமோ சொன்னாரு மேடம். நான் சரி சரின்னேன். இறக்குற மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணு பேப்பரு எங்க போச்சுன்னு தெரியலை," என்றார். அடுத்த வருஷம் அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வேளாண்மைப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் இந்த வார்த்தைகள் எல்லாம் தனக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

மார்க்கெட்டில் விடியலில் வந்த லாரிகள் காலியானதும் குளித்துவிட்டு வருவார். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒருநாளைக்கு ஒரே ஒரு வார்த்தை கேட்பார். நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள மாட்டார். பேனாவைக் கையில் உருட்டுவார். பிறகு, "அதாவது..." என்று ஆரம்பித்துத் தன் பாஷையில் சொல்லிப் பார்ப்பார். பிரவுசரைப் பற்றி நான் நீட்டி முழக்கினேன். "அதாவது, ஆட்டோ மாதிரி. எந்த ஆட்டோல ஏறினாலும் அதே கடை வாசல்லதான் இறங்குவோம்," என்றார். லிங்க் என்றால் ஒரு கடையின் பக்கவாட்டில் இருக்கும் சந்து, நுழைந்தால் இன்னொரு கடையில் போய் முடியும். வெப்சைட் முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு இடத்துக்குப் போய்விடும் என்றபோது பலமாகத் தலையாட்டினார். மார்க்கெட்டில் ஒரே பெயரில் மூன்று மண்டி இருக்கிறதாம், இனிஷியலைப் பார்க்காமல் இறக்கி ஒருதரம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். குக்கீ என்றதும் சிரித்துவிட்டார். தாளில் இப்படி இருக்கிறது: "குக்கீ – பிஸ்கட் இல்லை. போன தடவை என்ன பார்த்தோம் என்று கடைக்காரர் குறித்து வைத்துக்கொள்வது."

பாஸ்வேர்டுதான் பெரும்பாடாகிவிட்டது. மார்க்கெட்டில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும், அந்தக் குரல் அவருக்குப் பழகிப்போயிருந்தது. மகள் பெயரில் இமெயில் தொடங்கி, பாஸ்வேர்டை அவரையே யோசிக்கச் சொன்னேன். யோசித்தார். பிறகு சென்டர் முழுக்கக் கேட்கும்படி அதை அறிவித்தார். வரிசையில் நின்ற நான்கைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "மாத்திடலாம் மேடம்," என்றார் கூச்சத்தோடு, அதையும் கத்தியே. அன்று எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

சர்வர் என்ற வார்த்தையை அவர் என் வாயிலிருந்துதான் பிடித்தார். எதற்கெடுத்தாலும் "சர்வர் ஸ்லோ", "சர்வர் டவுன்" என்பது எங்கள் தொழிலில் ஊறிய பழக்கம். ஆளைக் காக்கவைக்க அதைவிட வசதியான வார்த்தை கிடையாது. அது எங்கோ இருக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டர், நாம் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் என்று விளக்கினேன். "அட, அப்ப ஓட்டல் சர்வரேதான்! நாம கேட்டதைக் கொண்டாந்து வைப்பாரு. கூட்டமா இருந்தா லேட்டாகும்," என்றார். எனக்கு அதில் திருத்த ஒன்றும் இல்லை.

டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் நான் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. பாதி வார்த்தை அவருடையது. டவுன்லோடு என்றால் லோடு இறக்குவது, அப்லோடு என்றால் லோடு ஏற்றுவது. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார். "ஏத்தின பிறகு இங்க ஒண்ணும் மிஞ்சாதே மேடம்? பேப்பரு போயிடுமே?" இல்லை, இங்கே ஒன்று இருக்கும், அங்கேயும் ஒன்று போய்ச் சேரும் என்றேன். அதை மட்டும் அவரால் நம்பவே முடியவில்லை. "ஏத்தியும் குறையாத லோடா!" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படியே வருஷம் ஓடி, விண்ணப்பம் போடும் கடைசி நாளும் வந்தது. சாதிச் சான்றிதழ் கைக்கு வரத் தாமதமானதால் அந்த நாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மாலை ஐந்து மணியோடு இணையதளம் மூடிவிடும். அன்று சென்டரில் நிற்க இடமில்லை. லோடு அண்ணன் மஞ்சள் பையில் சான்றிதழ்களோடு நின்றார். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஏற்றினேன். எல்லாவற்றுக்கும் பச்சை நிறத்தில் டிக் விழுந்தது. "முடிஞ்சுதுண்ணே," என்று அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அவர் நகரவில்லை. "லோடு ஏத்தியாச்சு, சரி. வண்டி கிளம்பிடுச்சா, மேடம்?" என்றார்.

"அதெல்லாம் போயிடும்ண்ணே. வழி விடுங்க."

"ரசீது ஒண்ணு வரணும்ல?"

"நாளைக்கு வந்து வாங்கிக்கங்க. இங்க எத்தனை பேரு நிக்கிறாங்க பாருங்க," என்று நான் கத்தினேன். மார்க்கெட் குரல் எனக்கும் இருக்கிறது. அவர் வரிசைக்கு வழி விட்டார். சுவரோரம் இருந்த பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லாரிக்கு லோடு ஏற்றிவிட்டு, ரசீது கைக்கு வராமல் யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார்களாம், பிறகு ஒருநாள் சொன்னார். மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. நிமிரும்போதெல்லாம் அவர் உட்கார்ந்திருந்தது கண்ணில் பட்டது. எரிச்சல் தாங்காமல், ஆளைக் கிளப்பிவிட்டால் போதுமென்று அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். அடியில், சிறிய எழுத்தில் இருந்தது: விண்ணப்பம் இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை.

நான் சப்மிட் அழுத்தவே இல்லை. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அந்த ஒரு பொத்தானை விட்டிருக்கிறேன். இவர் எழுந்து போயிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்த வருஷமே போயிருக்கும், இவருக்கும் மறுபடி பேப்பர் எங்கே போனதென்று தெரியாமலே இருந்திருக்கும். அழுத்தினேன். அவர் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. இந்தத் தடவை என் காதருகே குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு அம்பதுக்கு ரசீது பிரின்ட் ஆகி வந்தது. அதை நீட்டியபடி, "சர்வர் ஸ்லோவா இருந்துச்சுண்ணே. அதான் லேட்டு," என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவர் என் முகத்தை ஒருகணம் பார்த்தார். "ஆமாங்க, சர்வருக்கு இன்னிக்குக் கூட்டம் போல," என்று ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் ஒரு சீப்பு ரஸ்தாளி கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை, எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று நினைத்து நினைத்தே, சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. பிறகு அவர் எப்போதாவதுதான் வந்தார். நானும் அந்தச் சென்டரை விட்டு, ஸ்ரீரங்கத்தில் உத்திரவீதிப் பக்கம் சின்னதாகச் சொந்த மையம் போட்டேன். சனிக்கிழமைகளில் போன் பிடிக்கவே பயப்படுகிறவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். போன மாதம் ஒரு பெண் வந்தாள். முசிறியில் வாழை விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறாளாம். "அப்பாவுக்குத் தோள் முடியலைங்க. மார்க்கெட்டை விட்டு வீட்டுக்கே வந்துட்டாரு. உங்க வகுப்புக்கு வர்றவங்களுக்கு உதவும்னு இதைக் குடுக்கச் சொன்னாரு," என்று இந்தக் கட்டைக் கொடுத்தாள்.

அவள் போன பிறகு ஒவ்வொரு தாளாகப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். கடைசித் தாளில் அந்த விண்ணப்பம் போட்ட நாளின் தேதி இருந்தது. பின்பக்கம் திருப்பினேன். "சப்மிட் – வண்டி கிளம்புவது. மேடம் அழுத்த மறந்துவிட்டார். சர்வர் மேல் தப்பு இல்லை. நாம் கேட்க வேண்டும்."

அவருக்கு உடனே போன் செய்தேன். "அண்ணே, அன்னிக்கு நான்..." என்று தொடங்கியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "விடுங்க மேடம். நின்ன வண்டி எதுன்னு லோடு ஏத்தறவனுக்குத் தெரியாதா? அன்னிக்கே கிளம்பிடுச்சுல்ல, அது போதும்," என்றார். பிறகு, வகுப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று விசாரித்தார்.

கட்டை அவிழ்த்து, கடைசித் தாளை முதல் தாளாக வைத்து மறுபடி கட்டினேன். பின்பக்கம் வெளியே தெரியும்படி, வருகிறவர்கள் உட்காரும் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். காத்திருக்கும் நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "யாருங்க இந்த மேடம்?" என்று கேட்கிறார்கள்.

"நான்தாங்க," என்கிறேன். "ரசீது வாங்காம எந்திரிக்காதீங்க."