கர்த்தருக்குள் என்ற சொல்

அந்தத் தாளில் பதினோரு பெயர்கள் இருந்தன. பத்துப் பெயர்களை எங்கள் சபையின் உபதேசியார் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினோராவதை அவரிடம் கேட்காமல் நானே சேர்த்தேன். அது என் அப்பாவின் பெயர். அந்த ஆண்டு இறந்துபோன சபையாரின் பெயர்களை நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் ஆராதனையில் வாசிப்பது எங்கள் கோயில் வழக்கம். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்த’ என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். கையெழுத்தும் நன்றாக இருந்ததால் பட்டியல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த எனக்கு அதில் பெருமை. அந்தப் பெருமையில்தான் அப்பாவின் பெயரை எழுதத் துணிந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்த்தார். அம்மாவும் நானும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அவர் பெறவில்லை. ஞாயிறுதோறும் எங்களை மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே நிற்பார். பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். குருப்பட்டம் பெற்ற ஐயர் மாதம் ஒருமுறைதான் வருவார் என்பதால் மற்ற ஞாயிறுகளில் உபதேசியாரே ஆராதனை நடத்துவார். வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலிக்கன் முறையில் வளர்ந்தவர் அவர். ஜெபப் புத்தகத்தில் அச்சிட்டிருப்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டார். அப்பாவை உள்ளே வரச் சொல்லி விடாமல் கூப்பிடுவார். அப்பாவிடம் ஒரே பதில்தான்.

“எங்கப்பன் ஞானஸ்நானத் தண்ணியில முங்காமச் செத்தவரு. அவரு அங்க இருக்காரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கய்யா, நாளைக்கே தலையக் குடுக்கேன். இல்லைன்னா அவர விட்டுட்டு நான் மட்டும் அங்க போயி என்ன செய்யப் போறேன்?”

“தெரியாததை நான் சொல்லமாட்டேன்வே” என்பார் உபதேசியார். பிறகு இருவரும் முக்குக் கடையில் டீ குடிப்பார்கள்.

அப்பா தறிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். சொந்தக்காரர்கள் தங்கள் முறைப்படி எரித்தார்கள். உபதேசியாரும் வந்து கடைசிவரை நின்றாராம். கையில் ஜெபப் புத்தகம் இருந்தது, ஆனால் திறக்கவில்லை என்று சித்தப்பா வந்து சொன்னார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல” என்று அம்மா அழுதாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான்: அவர் எங்கே இருக்கிறார்? கோயிலில் பெயர் வாசித்தால் அதற்குப் பதில் கிடைத்துவிடும் என்று நானும் நம்பினேன்.

அந்த ஞாயிறு உபதேசியார் பத்துப் பெயர்களை ஒரே குரலில் வாசித்தார். பதினோராவதில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவர் வாசித்தார்: “கர்த்தருக்குத் தெரிந்த...” அதன் பிறகு அப்பாவின் பெயர்.

அம்மாவின் பிடி தளர்ந்தது. “வாசிச்சிட்டாரு” என்றாள். அவள் காதில் விழுந்தது பெயர் மட்டும். எனக்கு அந்தச் சொல் மாறியது கேட்டுவிட்டது. ஆராதனை முடிந்ததும் நேரே போய்க் கேட்டேன். “நான் கர்த்தருக்குள்னுதான எழுதியிருந்தேன்?”

“நீ எழுதினது உன் ஆசை ஏட்டி. நான் வாசிச்சது எனக்குத் தெரிஞ்சது. அம்புட்டுத்தான்.”

“அப்ப எங்கப்பா எங்க இருக்காரு?”

“முங்குனவுகளப் பத்தித்தான் சபை சொல்லுது. மத்தவுகளப் பத்தி அது வாயத் தொறக்கல. நானும் தொறந்திருக்கக் கூடாது.”

பின்னால் நின்ற கமிட்டிக்காரர் ஒருவர், “அடுத்த வருசம் குறி சொல்லுத கோடாங்கி பேரையும் வாசிப்பீராவே?” என்றார். “அவரு சாகட்டும், பாப்போம்” என்று சொல்லிவிட்டு உபதேசியார் அங்கியைக் கழற்றப் போனார். அவர் எல்லையைத் தாண்டினாரா, எல்லையிலேயே நின்றுவிட்டாரா என்று அன்று எனக்குப் புரியவில்லை. அப்பாவை உள்ளே விட்டாரா, வாசலிலேயே நிறுத்தினாரா? பல ஆண்டுகள் அவர்மேல் கோபமாக இருந்தேன். சில நாட்கள் அந்தச் சொல்லே பெரியது என்று தோன்றும். சில நாட்கள் அது ஒரு சாமர்த்தியம், வேறொன்றுமில்லை என்று தோன்றும்.

இப்போது நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சென்ற மாதம் உபதேசியார் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறந்தார். அடக்கத்தில் ஐயர் ஜெபப் புத்தகத்தைத் திறந்து ஒரு வரி விடாமல் வாசித்தார். ‘உயிர்த்தெழுதலின் நிச்சயமான நம்பிக்கை’ என்ற இடத்தில் அவர் குரல் ஓங்கியது. தெரியாததைச் சொல்லாத மனிதருக்கு அத்தனை நிச்சயம் பிடித்திருக்குமா என்று நினைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடவார்வளாகம் தாண்டியதும் கேட்டாள்.

“ஏட்டி, நான் செத்தா கர்த்தர் இருக்க எடத்துக்குப் போவனா, உங்கப்பா இருக்க எடத்துக்கா?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “ரெண்டும் ஒரே எடந்தாம்மா” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “படிச்சவ சொல்லுத, சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இராஜபாளையம் வரும்வரை நான் அசையவில்லை.