எண்பது மில்லி லென்ஸும் நடிகையின் மூக்கும்

கேமராவும் லென்ஸும் வாடகைக்கு விடும் அந்தக் கடை கணவரின் பெயரில் இருந்தது. பதினெட்டு வருஷமாக அதை நடத்தியவள் அவள். கணவருக்கு ஷட்டரைத் தூக்கத் தெரியும். கடை ஷட்டரைச் சொல்கிறேன்.

எந்த கேமராவுக்கு என்று கேட்காமல் அவள் லென்ஸைத் தரமாட்டாள். சின்ன ஃபிலிமில் எண்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஆளின் முகத்தை அள்ளிக்கொண்டு வரும். சதுர ஃபிலிம் போடும் பெரிய கேமராவில் அதே எண்பது, ஆளோடு அறையையும் சேர்த்துக் காட்டும். ஃபிலிம் பெரிதானால் லென்ஸின் எண்ணும் பெரிதாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அது, கடை கேமராவில் படம் எடுத்துக் கொடுக்கும் கொழுந்தனின் மண்டையில் மட்டும் ஏறவில்லை.

ஒரு நாடக நடிகையின் முகத்தை எடுக்கப் பெரிய கேமராவோடு கிளம்பினான்.

"தம்பி, நூத்தம்பது எடுத்துட்டுப் போ."

"எண்பதுல நான் எடுக்காத முகமா அண்ணி?" என்று சிரித்தான்.

அங்கே முகம் சின்னதாகத் தெரியவும், நடிகையின் மூச்சு படுமளவுக்குக் கிட்டப் போய் எடுத்திருக்கிறான். மூக்கு கத்தரிக்காய் மாதிரி வந்தது. நடிகை படத்தை அவன் மேலேயே விட்டெறிந்தாள்.

திரும்பி வந்தவன் வாய் கூசாமல் அண்ணனிடம் சொன்னான்: "அண்ணி தப்பான லென்ஸக் குடுத்துட்டாங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சின்ன கேமராவையும் பெரிய கேமராவையும் மேஜைமேல் வைத்து, இரண்டிலும் எண்பதை மாட்டி, கொழுந்தனை எதிரே நிற்கவைத்து, கணவரைக் கூப்பிட்டுப் பார்க்க வைத்தாள். சின்னதில் தம்பியின் முகம். பெரியதில் இடுப்புவரை தம்பி, பக்கத்து அலமாரியோடு.

"நீ சொல்றது சரிதான்" என்றார் கணவர். "ஆனா அவனுக்கும் ஒரு பொழப்பு வேணும்ல? நாளையிலேர்ந்து கவுன்ட்டர்ல அவன் உக்காரட்டும். நீ உள்ள லென்ஸ் தொடச்சு வை."

துடைத்து வைக்க வேண்டுமாம்! சரி என்று தெரிந்தபிறகும் இப்படிச் சொன்னாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். கையில் மரப்பெட்டி கேமரா. அஞ்சலட்டை அளவு ஃபிலிமை ஒவ்வொன்றாகப் போட்டு எடுப்பது. முகம் எடுக்க லென்ஸ் கேட்டார்.

கொழுந்தன் புதிதாகக் கற்ற பாடத்தை ஒப்பித்தான்: "முகம்னா நூத்தம்பதுதான் சார்!"

"இவ்வளவு பெரிய ஃபிலிமுக்கா? அக்கா இல்லையா?"

"எந்திரிடா" என்று தம்பியை அதட்டினார் கணவர்.

உள்ளேயிருந்து அவள் கைப்பையோடு வந்தாள். "எதுக்கு? உக்காரட்டும். எதிர்த்தாப்புல இருக்கற கேமராக் கடையில ரெண்டு வருஷமா என்னக் கூப்பிடறாங்க. நம்ம கடையாச்சேன்னு இருந்தேன், எம்புத்தியச் சொல்லணும்."

படியிறங்கினாள். "முந்நூறு வேணும் சார்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

வாடிக்கையாளர் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே தெருவைக் கடந்தார்.