மொதல் பூ யாருக்கு

கொள்ளிடத்துப் பழைய பாலம் வெள்ளத்துல ஒடஞ்சு விழுந்துச்சே, ஊரே வேடிக்கை பாக்கப் போச்சு, நானும் போயி செருப்பத் தொலைச்சுட்டு வந்தேன். அதுக்கு மறுவருஷம் நடந்தது இது. மண்ணச்சநல்லூர் பக்கம் ரோட்ட அகலம் பண்றாங்கன்னு ஒரு பெரிய இலுப்ப மரத்த எங்க செட்டுக்கு விட்டாங்க. மரம் ஏறி கிளை கழிக்கிறதுதான் எனக்குப் பொழப்பு.

வெட்டுறதுக்கு முந்தின நாளு கோடாலிய திருப்பிப் பிடிச்சு அடிமரத்துல தட்டி, "குடியிருக்கறவங்கள்லாம் வேற எடம் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டு வந்துருவோம். காக்கா, அணிலு, முனி, யாரா இருந்தாலும் ஒரே நோட்டீசுதான்.

அன்னிக்கு நான் சொல்லி முடிக்கல, பின்னாடி ஒரு பொம்பளக் குரல். "அய்யா, மேல இருக்கறதுக்குக் காலு கெடையாதுங்களே."

காலேஜுல செடிகொடி பாடம் நடத்துற டீச்சர். கவட்டையில ஒரு கொத்தக் காட்டுனாங்க.

"அது புல்லுருவிம்மா."

"புல்லுருவி கிளைக்குள்ள வேர விட்டு உறிஞ்சுங்க. இதுக்குப் பாருங்க, வேர் சேமியா மாதிரி வெளிய தொங்குது. மழையும் பனியும்தான் சாப்பாடு. நம்ம ஊரு ஆர்க்கிட். இந்த ரோட்டு மரத்துலல்லாம் இருந்துச்சு. மரம் போச்சு, இதுவும் போச்சு. எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான் பாக்கி."

மறுநாள் அந்தக் கிளைய மட்டும் கீழ தள்ளாம கயிறு கட்டி எறக்குனேன். "என்னய்யா, மாப்பிள்ளைய எறக்குற மாதிரி எறக்குற"ன்னாரு மேஸ்திரி.

ஸ்ரீரங்கத்துல நான் தேங்கா பறிச்சுக் குடுக்கற வீடு ஒண்ணு. அந்தக் கொல்லை மாமரத்துல பட்டையோட வெச்சுக் கட்டுனோம். அந்த வீட்டு மாமி ஓடி வந்தாங்க.

"ஏன்ப்பா, காய்க்கற மரத்துல புல்லுருவியக் கொண்டுவந்து கட்டறயே?"

சேமியா விஷயத்தச் சொன்னேன்.

"சேமியான்னா சரி, இருக்கட்டும்."

வேர் மரத்தப் பிடிக்கவே ரெண்டு கோடை ஆச்சு. அப்புறம் ஒரு பங்குனியில காம்பு விட்டு மொட்டு வெச்சுது. டீச்சருக்கு வேணுங்கறது பூ இல்ல, காய். காய் முத்தி வெடிச்சாத்தான் வெத தூசி கணக்கா காத்துல போயி வேற மரத்துல ஒட்டும். பூத்துருச்சுன்னு கேள்விப்பட்டு ரெண்டு பேரும் போனோம். காம்பு மொட்டையா நிக்குது.

மாமி சந்தோஷமா வந்தாங்க. "மொத மொதல்ல பூத்த பூவாச்சே! எல்லாத்தையும் பெருமாள் படத்துக்குச் சாத்திட்டேன். என்ன வாசனைங்கற!"

டீச்சர் மரத்தடியிலயே உக்காந்துட்டாங்க. நான்தான் விஷயத்த எடுத்துச் சொன்னேன்.

"பெருமாளுக்கு இல்லேன்னு எப்படிப்பா சொல்றது?"

"மாமி, அவருக்குன்னு நந்தவனமே இருக்கு. இந்தச் செடிக்கு இந்த ஒரு காம்புதான்."

மாமி உள்ள போனாங்க. யாரக் கேட்டாங்களோ, திரும்பி வந்து சொன்னாங்க: "மொதல் பூ மட்டும் அவருக்கு. மிச்சத்துல கைய வெக்கமாட்டேன்."

அடுத்த வருஷம் சொன்னபடி நடந்தாங்க. மிச்சத்துல ஒரு பூ காயாச்சு, முத்துச்சு, வெடிச்சுப் பறந்துச்சு. குட்டிச்செடி இன்னும் கண்ணுல படல. வருஷக்கணக்குல ஆகும்ங்கறாங்க டீச்சர். மாமி தெனம் பக்கத்து வீட்டு மரத்த அண்ணாந்து பாக்கறாங்க. அந்த வீட்டுக்காரரு மாங்கா எண்றாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு.

எனக்கு முட்டி போச்சு, இப்ப ஏறறதில்ல. உங்களுக்குத் தெரிஞ்ச மரம் வெட்டறவங்க இருந்தா இதச் சொல்லிருங்க. புல்லுருவின்னு அருவாள வெக்கறதுக்கு முன்னாடி, வேர் வெளிய தொங்குதான்னு ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. தொங்குச்சுன்னா நம்ம நோட்டீசு அதுக்குச் செல்லாது. நாமதான் எறக்கி விடணும்.