கீரி வீட்டுக்கு எதிராக நான் எழுதிய மனு

1. பத்து இருபது

சனிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குப் பாவிலு சம்மாட்டியும் ரீற்றா ரீச்சரும் என் கடைக்குள் வந்து இரண்டு கதிரைகளில் உட்கார்ந்தார்கள். நேரம் சரியாகத் தெரியும். கொம்பியூட்டரில் புதிய கோப்பு திறந்தால் அது நேரத்தைத் தானே பதிந்துவிடும். அந்தக் கோப்பை நான் இன்னும் அழிக்கவில்லை. அழித்தால், அப்படியொன்றை எழுதவேயில்லை என்று எனக்கே சொல்லத் தொடங்கிவிடுவேன்.

மன்னார் நகரத்தில், கந்தோர்கள் இருக்கும் வீதியில், மனுவும் விண்ணப்பமும் சத்தியக் கடதாசியும் ரைப் செய்து கொடுப்பது என் தொழில். இருபத்தெட்டு வருடமாகச் செய்கிறேன். இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, நல்ல மனு எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள். நான் எழுதியவற்றில் மிக நல்ல மனு எது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

பாவிலு சம்மாட்டிக்குக் கடலோரக் கிராமமான கீரியில் இரண்டு படகும் கொஞ்சம் வலையும் நிறையக் குரலும் உண்டு. ரீற்றா ரீச்சர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவர். சம்மாட்டி சத்தத்துக்கு, ரீச்சர் தமிழுக்கு என்று அவர்கள் குடியிருக்கும் சந்தின் ஆட்கள், ஒழுங்கையார், பொறுக்கி அனுப்பியிருந்தார்கள்.

“தம்பி, முதல் வரியில இதைப் போடுங்கோ,” என்றார் ரீச்சர். “எங்களுக்கு அதுகளில நல்ல இரக்கம்.”

“அதுகள் எண்டா ஆர் ரீச்சர்?”

“எங்கட ஒழுங்கைக்க ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மூளை வளராத ஆக்களைக் கொண்டுவந்து வச்சிருக்கினம். நாலு வந்திட்டுது. இன்னும் ரண்டு வருகுதாம்.”

அந்த வருகிற இரண்டில் ஒன்று என் மகள் அனிற்றா.

2. இரக்கத்தில் தொடங்கும் மனு

வேலி வழக்கு, கிணற்று வழக்கு, நாய் வழக்கு எல்லாம் கோபத்தில் தொடங்கும். ஒருவரை ஊரைவிட்டே அனுப்பும் மனு மட்டும் இரக்கத்தில் தொடங்கும். “அவர்களுடைய நன்மை கருதியே” என்ற வரியை நான் ரைப் செய்யாத வருடமில்லை.

கூட்டு இல்லம் என்று பெற்றோர் நாங்கள் பெயர் வைத்தாலும் கீரியில் இருந்தது சாதாரண வீடுதான். மூன்று அறை, ஒரு குசினி, பின்னால் கிணறு. ஆறு பெண்கள் இருப்பார்கள். உதவிக்கு இரண்டு பேர் முறைவைத்து வருவார்கள். பெற்றோர் ஆறு குடும்பம் சேர்ந்து நடத்துகிற ஏற்பாடு. அனிற்றாவுக்கு இருபத்தாறு வயது. தேத்தண்ணி போடுவாள், அடுப்பை அணைக்க மறப்பாள். அவள் அடுப்பை அணைத்தாளா என்று பார்க்கவே நானும் மனைவி பிலோமினாவும் உயிரோடு இருக்கிறோம் என்று வீட்டில் பகிடியாகச் சொல்வோம். போன வருடம் எனக்கு நெஞ்சில் அடைப்பு வந்து யாழ்ப்பாணம் வரை கொண்டுபோனார்கள். அதன்பிறகு அந்தப் பகிடியை ஒருவரும் சொல்வதில்லை. கீரி வீட்டின் ஐந்தாவது கட்டில்தான் நாங்கள் இல்லாத காலத்துக்கு அவளுக்கு இருக்கும் ஒரே வழி.

சம்மாட்டிக்கும் ரீச்சருக்கும் இது தெரியாது. நான் இருப்பது மன்னார்த் தீவுப் பாலத்துக்கு அப்பால், பாப்பாமோட்டையில். என் கடைக்கு வருகிறவர்களிடம் இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் மகளைப் பற்றிச் சொன்னதில்லை. பிள்ளைகள் என்ன செய்கினம் என்று கேட்டால், மூத்தவன் கட்டாரில் என்பேன். அந்தப் பதிலோடு பெரும்பாலானவர்களுக்கு ஆர்வம் தீர்ந்துவிடும்.

அப்போதே எழும்பி, “இதை நான் எழுதமாட்டன்” என்று சொல்லியிருக்கலாம். என் விரல்கள் ஏற்கெனவே “கீரி வாழ் பொதுமக்கள் சார்பில் பணிவுடன் சமர்ப்பிப்பது” வரை போய்விட்டன. நான் எழுதாவிட்டால் இரண்டு கடை தள்ளி இன்னொருவர் எழுதுவார், நான் எழுதினால் காரம் குறைத்து எழுதலாம் என்று எனக்குள் ஒரு சட்டத்தரணி வாதாடினார். அந்தச் சட்டத்தரணி எனக்காக வாதாடிய எந்த வழக்கிலும் நான் வென்றதில்லை.

இடைஞ்சல்களைச் சொல்லச் சொன்னேன். சத்தம் என்றார் சம்மாட்டி. விடிய மூன்று மணிக்கு ஒழுங்கையில் நின்று ஆட்களைக் கூப்பிட்டுக் கடலுக்கு அனுப்புகிறவர் அவர். பிள்ளைகள் பயப்படும் என்றார் ரீச்சர். எந்தப் பிள்ளை பயந்தது என்று கேட்டேன், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். காணி விலை விழுந்துவிடும் என்றார் சம்மாட்டி. “அதைப் போடவேண்டாம். காசுக்காகச் செய்யிறமெண்டு நினைப்பினம்,” என்று ரீச்சர் தடுத்தார்.

“சரி, அவை எங்க போகவேணும் எண்டு போடுறது?”

“எங்கயாவது நல்ல காத்தோட்டமான இடத்தில,” என்றார் ரீச்சர்.

“இலுப்பைக்கடவைப் பக்கம் காணி நிறையக் கிடக்கு, அண்ணை,” என்றார் சம்மாட்டி. “நல்ல காத்து.”

3. ஒரு சொல்

முழுவதையும் வாசித்துப் பார்த்தேன். மனு நொண்டியது. சத்தம், பயம், காற்று. இதைப் பிரதேச சபையில் யாரும் கோப்பில் சேர்க்கவே மாட்டார்கள். எனக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். அந்த இடத்தில்தான் இருபத்தெட்டு வருடப் பழக்கம் வாயைத் திறந்தது.

“ரீச்சர், சத்தம் எண்டு எழுதினா ஒருத்தரும் பாக்கமாட்டினம். குடியிருப்பு வீட்டை அனுமதியில்லாமல் நிறுவனமாப் பாவிக்கினம் எண்டு போட்டாத்தான் கோப்புத் திறப்பினம்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. ரீச்சர் என்னை மெச்சுகிற பார்வை பார்த்தார். பாடம் பிடிபட்ட மாணவனை அப்படித்தான் பார்ப்பார் போல.

அந்த வரியைச் சேர்த்தேன். மனு நிமிர்ந்து நின்றது. ஏழு பேருக்குப் பிரதி வேண்டும் என்றார்கள், ஜனாதிபதி உட்பட. நாற்பத்தொரு கையொப்பம் சேர்ந்தது. அதில் இரண்டு பேர் கனடாவில் இருக்கிறார்கள், ஒருவர் சேமக்காலைக் கல்லறையில் இருக்கிறார். இரக்கத்துக்குத் தூரம் ஒரு தடையல்ல.

மூன்றாவது வாரம் பிரதேச சபையின் கடிதம் பெற்றோர் சங்கத்துக்குப் போனது. பதினான்கு நாட்களுக்குள் அனுமதியைக் காட்டவேண்டும், அல்லது வீட்டை விடவேண்டும். அதுவரை புதிதாக எவரையும் சேர்க்கக்கூடாது. கடிதத்தையும் அதோடு வந்த மனுப் பிரதியையும் தூக்கிக்கொண்டு சங்கச் செயலாளர் செல்வராணி நேரே என் கடைக்கு வந்தார். அவர் மகளும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். செல்வராணியின் ஊர், இலுப்பைக்கடவை.

“அண்ணை, பதில் நீங்கள்தான் எழுதவேணும். இந்த மனுவை எழுதினவன் ஆரோ பழம் திண்டு கொட்டை போட்டவன்,” என்றார். காற்றோட்டமான இடம் என்ற வரியில் விரலை வைத்தார். “நாங்கள் முதல்ல எங்கட ஊரிலதான் வீடு கேட்டனாங்கள். அங்க சொல்லிச்சினம், கீரிப் பக்கம் கடலோரம், நல்ல காத்து எண்டு.”

நானும் சிரித்தேன். வாய் சிரித்தது.

அன்று பின்னேரம் எனக்கு எதிராக நானே எழுத உட்கார்ந்தேன். நாலு பேரும் ஒரு குசினியில் சமைக்கிறார்கள், ஒரு மேசையில் சாப்பிடுகிறார்கள், ஆகவே இது வீடு என்று எழுதினேன். எதிராளி எந்த இடத்தில் பிசகியிருக்கிறான் என்று மனுவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எதிராளி ஓட்டை எதுவும் விடவில்லை. கெட்டிக்காரன்.

வீட்டுக்குப் போய், அந்த மனுவையும் நான்தான் எழுதினேன் என்று பிலோமினாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தனீங்கள்,” என்றார். “இவளைப் பற்றி நீங்கள் எழுதின முதல் கடதாசி இதுதானே.”

4. கள விசாரணை

பதின்மூன்றாவது நாள் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கீரி வீட்டுக்கு வந்தார். முப்பது வயது மதிக்கத்தக்க பெண். விறாந்தையில் ஒரு பக்கம் பெற்றோர் நாங்கள், மறுபக்கம் ஒழுங்கையார். நடுவில் அவர், மடியில் மனுவும் பதிலும். சம்மாட்டி என்னைக் கண்டதும் தலையசைத்தார். தங்கள் பக்கத்துக்கு உதவிக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

உத்தியோகத்தர் கையில் ஒரு படிவம் இருந்தது. பெயர்ப்பலகை உண்டா? இல்லை. பார்வையாளர் நேரம் உண்டா? இல்லை. பிறகு ஒழுங்கையார் பக்கம் திரும்பி, இதுவரை என்ன இடைஞ்சல் நடந்தது என்று கேட்டார்.

“இன்னும் ஒண்டும் நடக்கேல்லை, மிஸ்,” என்றார் சம்மாட்டி. “நடந்த பிறகு மனுப் போட்டு என்ன பிரயோசனம்?”

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பெருமூச்சு விட்டார். சத்தத்தையும் பயத்தையும் தன்னால் ஒதுக்கிவிட முடியும், ஆனால் நிறுவனமாகப் பாவிக்கிறார்கள் என்று பொதுமக்கள் எழுத்தில் தெளிவாகச் சொன்னால் அதை மேலிடத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்றார். அங்கே போனால் மாதக்கணக்கில் கிடக்கும். அதுவரை நாலு பேருக்குமேல் இருக்க ஏலாது.

“எழுதினவர் சட்டம் தெரிஞ்ச ஆள்போல,” என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் எனக்கு ஒரு துளி பெருமை வந்தது.

எழும்பினேன். மனு எழுதுகிறவன் தான் எழுதியதைச் சபையில் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் ஒழுங்கு. “அது நான் எழுதினது, மிஸ்,” என்றேன். “பதிலும் நான்தான். வரக் காத்திருக்கிற ஐஞ்சாவது ஆள் என்ர மகள்.”

செல்வராணி என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. உத்தியோகத்தர் இரண்டு கடதாசியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

“ரண்டில எதை ஐயா நான் நம்புறது?”

“மனுவில மற்றதெல்லாம் அவை சொன்னது. நிறுவனம் எண்ட சொல் மட்டும் அவை சொல்லேல்லை. நான் போட்டது. பொய் எண்டு தெரிஞ்சுகொண்டு போட்டனான்.”

உத்தியோகத்தர் ரீச்சரைப் பார்த்தார். அவருடைய ஒரு தலையசைப்புப் போதும், நான் எழுதிய சொல் செல்லுபடியாகிவிடும். ஒழுங்கையே ரீச்சரைப் பார்த்தது. சம்மாட்டி, “ஓம் எண்டு சொல்லுங்கோ ரீச்சர்,” என்றார், ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்பது வருடம் பிள்ளைகளின் கொப்பியைப் பார்த்து, இதை நீயா எழுதினாய் என்று கேட்டவர். “இல்லை மிஸ். நாங்கள் வீடு எண்டுதான் சொன்னனாங்கள். அது தம்பியின்ர வசனம்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்கட மகள் எண்டு தெரிஞ்சிருந்தா நாங்கள் உங்களிட்ட வந்திருக்கமாட்டம்.”

ஒரு கணம் நெஞ்சு இளகியது.

“வேற ஆளிட்ட எழுதியிருப்பம்,” என்றார்.

5. பிறகு

வீடு குடியிருப்பாகவே கருதப்படும், மீண்டும் முறைப்பாடு வந்தால் மீண்டும் பார்க்கப்படும் என்று சபையிலிருந்து கடிதம் வந்தது. மீண்டும் என்ற சொல் அதில் இரண்டு முறை இருக்கிறது. நான் எண்ணிக்கொண்டேதான் நித்திரைக்குப் போகிறேன். செல்வராணி இப்போது சங்கக் கடிதங்களை வேறு கடையில் ரைப் செய்கிறார். அவரிடம் எனக்குக் கோபமில்லை.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். வாடிக்கையாளர் கொண்டுவராத சொல்லை அவர் மனுவில் சேர்க்காதீர்கள், அது எவ்வளவு பொருந்தினாலும். எழுத விருப்பமில்லாத மனு வந்தால், பிறிண்டர் பழுது என்று சொல்லாமல், விருப்பமில்லை என்றே சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்களை உங்கள் மேசையில் தெரியும்படி வையுங்கள். என் மேசையில் இப்போது அனிற்றாவின் படம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். போகட்டும்.

அனிற்றா ஒரு வியாழக்கிழமை கீரி வீட்டுக்குப் போனாள். முதல் இரண்டு ஞாயிறும் நாங்கள் போய் விறாந்தையில் இருந்தோம். ஒழுங்கையில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எங்களைக் கடக்கும்போது எல்லோருக்கும் சைக்கிள் சங்கிலியில் ஏதோ வேலை இருந்தது. இப்படியே அவளைச் சுற்றி மௌனமாக இருந்துவிடுவார்களோ, அடுத்த மனு இப்போது எந்தக் கடையில் எழுதப்படுகிறதோ என்று யோசித்தபடி இருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு பின்னேரம் கேற் திறந்தது. ரீற்றா ரீச்சர். கையில் ஒன்றுமில்லை. நான் எழும்பிக் கதிரையை இழுத்துப்போட்டேன்.

“உங்களோட கதைக்க வரேல்லைத் தம்பி, இருங்கோ,” என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார். பின் வளவில், ரீச்சர் வீட்டு வேலியோரம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த அனிற்றாவுக்கு முன்னால் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“இஞ்ச பார் பிள்ளை, உன்ர கொடிக்கயிறு என்ர முருங்கையில கட்டிக்கிடக்கு. கொப்பு முறிஞ்சா உன்னட்டத்தான் வருவன். இப்பவே அவிட்டு உங்கட பக்கம் கட்டு.”