காலியாக வந்த திரை

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், பெரிய அடுப்பு இயந்திரம் ஒன்றின் திரையைத் தமிழாக்கும் வேலை எனக்கு. அதற்கு, நிரலுக்குள் அடைப்புக்குறிகளில் சிதறிக் கிடக்கும் செய்திகளை எல்லாம் ஒரு விதி எழுதித் தேடி எடுக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் இன்னோர் அடைப்புக்குறி இருந்தால், விதி தன்னையே மறுபடி அழைத்து உள்ளே இறங்கும். இறங்கிக்கொண்டே போனதில் கணினி உறைந்தது. எனக்கு வந்த வியர்வையில் விசைப்பலகையே மிதந்திருக்கும். பதறிப்போய், மூன்று அடுக்கோடு நிற்கட்டும் என்று வரம்பு போட்டுவிட்டு, பெரிய வீரனைப் போல் தே தாரிக் குடிக்கப் போனேன்.

'சூடு ஆறவில்லை, கதவைத் திறக்காதீர்' என்ற செய்தி நான்காம் அடுக்கில் இருந்தது. விதி எடுக்காத செய்தி திரையில் காலியாகத்தான் வரும். இயந்திரத்தை ஓட்டும் லெட்சுமி அக்கா கதவைத் திறந்தார். வலது கை வெந்துவிட்டது.

மருத்துவமனைக்குப் போனேன்.

"ஸ்கிரீன்ல ஒன்னும் வரல தம்பி, ஆறிடுச்சுன்னு நெனச்சிட்டேன். நான்தான் கவனமா இருந்திருக்கணும் லா" என்றார். "ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? ஒரு ஜோக் சொல்லு."

சொன்னேன். கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

விசாரணை அறிக்கையில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். நானும் அதில் கையெழுத்திட்டேன். அன்று அவர் கட்டிலருகே உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அந்த நிமிடத்தில்தான் நான் ஜோக் சொன்னேன்.